கலியாணத்துக்கு எட்டு மாசம், முகத்தில பரு: லேசரோ, ஜெல்லோ, கிளினிக்கோ?

போன மாசம் ஒரு பின்னேரம் கோண்டாவில்ல அண்ணை வீட்டை போனனான், போன நேரம் சரியில்லை, உள்ளுக்க பெரிய மகாநாடே நடக்குது. அண்ணையின்ர மகளுக்கு வாற தை மாசம் கலியாணம், கணக்குப் பாத்தா எட்டு மாசம் இருக்கு, முகத்தில பருவும் கறுப்பு அடையாளமும். கனடாவில இருக்கிற சித்திக்காரி வட்ஸ்அப்பில நிண்டு "காசை நான் போடுறன், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் லேசர் அடிச்சுக்கொண்டு வாங்கோ" எண்டுறா. அம்மம்மா கஸ்தூரி மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் குழைச்சு ஒரு கிண்ணத்தில வைச்சிருக்கிறா. மச்சாள் ஃபேஸ்புக்கில கண்ட ஏதோ ஒரு வெள்ளைக் கிறீமைக் காட்டுறா. அண்ணை "உது வயசுப் பரு, கலியாணம் முடியத் தானாப் போயிடும்" எண்டுபோட்டு பேப்பருக்குள்ள தலையை விட்டிட்டார். பிள்ளை என்னைப் பாத்து "மாமி, நீங்களாவது சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல" எண்டாள்.

நான் டொக்டர் இல்லை. ஆனா ஏ.எல். படிக்கேக்க துவங்கின பரு 27 வயசு மட்டும் என்னை விடேல்ல, அந்த இடைவெளியில பூசாத சாமான் இல்லை, ரெண்டு கன்னத்திலயும் இண்டைக்கும் பள்ளம் இருக்கு. பள்ளம் வந்தது பருவால மட்டும் இல்லை, பாதி நான் ரியூசன் கொட்டிலில இருந்து நகத்தால நுள்ளினதால, மிச்சம் பிழையான வரிசையில மருந்து செய்ததால. அந்த வரிசையைப் பற்றித்தான் எழுதப்போறன், ஏனெண்டால் எது திறம் எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர், எது முதல் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

பிள்ளையை அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய், லைற்றை நிப்பாட்டி, போனின்ர ரோச் லைற்றைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில பிடிச்சனான். நேரே பிடிச்சா ஒண்டும் தெரியாது, காதடியில இருந்து சரிவா அடிக்க வேணும், அப்பத்தான் பள்ளம் உள்ள இடத்தில நிழல் விழும். வெறும் கறுப்பு அடையாளம் எண்டால் நிழல் விழாது, தோல் மட்டமா இருக்கும். எண்ணிப் பாத்தம். இடப்பக்கக் கன்னத்தில இருபது அடையாளம் மட்டில இருக்கு, அதில நிழல் விழுந்தது ஆறே ஆறு. அந்த ஆறிலயும் மூண்டு, ரெண்டு விரலால தோலை இழுத்துப் பிடிக்கக் காணாமல் போச்சு. ரெண்டு ஊசியால குத்தின மாதிரி ஒடுக்கமாவும் ஆழமாவும் இருக்கு. ஒண்டு பெட்டி மாதிரி விளிம்போட. அதோட நாடியிலயும் தாடையிலயும் நாலு உயிர்ப் பரு, ஒண்டு சீழோட.

இதுதான் முதல் பதில். லேசர் பள்ளத்துக்கு. பிள்ளைக்கு முக்கால்வாசி இருக்கிறது பள்ளமே இல்லை, பரு ஆறின இடத்துக் கறுப்பு, அது மாசக்கணக்கில தானா மங்கும், வெயில் படாமல் வைச்சால் இன்னும் கெதியா. நாலு உயிர்ப் பருவை வைச்சுக்கொண்டு லேசர் அடிச்சா, ஒரு பக்கத்தால மேசன் பூசப் பூச மற்றப் பக்கத்தால சுவர் இடிஞ்ச கதைதான். புதுசா வாறதை நிப்பாட்டிப்போட்டுத்தான் பழசில கை வைக்க வேணும். இதைச் சொன்ன உடன வட்ஸ்அப்பில சித்திக்கு முகம் சுருங்கிப் போச்சு, பாவம், அவா அன்பில சொன்னவா.

சரி, புதுசா வாறதை நிப்பாட்ட என்ன இருக்கு? பாமசியில வாங்கிற ரெண்டு ஜெல்லைத்தான் முதல்ல பாக்க வேணும், பென்சோயில் பெரொக்சைட்டும் அடபலீனும். ரெண்டும் ஒரே வேலை செய்யிறேல்ல. பென்சோயில் பெரொக்சைட் பரு உள்ள துவாரத்துக்க இருக்கிற பக்டீரியாவைக் கொல்லும், அந்தப் பக்டீரியா இந்த மருந்துக்குப் பழகிப் போறேல்ல எண்டுறதுதான் இதின்ர பெரிய பலம். 2.5, 5, 10 வீதம் எண்டு வருது. எங்கட ஆக்கள் கூடினதுதான் திறம் எண்டு 10 ஐக் கேட்டு வாங்கி முகத்தை எரிச்சுப்போட்டு "எனக்கு ஒத்துக்கொள்ளேல்ல" எண்டு எறிஞ்சு போடுவினம், 2.5 உம் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும், எரிவு குறைவு. ஒண்டு, துணியில பட்டா நிறத்தை வெளுத்துப்போடும். அம்மாவின்ர சிவப்புத் துவாயில என்ர முகத்தின்ர அச்சு தோடம்பழ நிறத்தில பதிஞ்சு போய் கனகாலம் கொடியில காஞ்சது, அவா அதை வாறவைக்கெல்லாம் காட்டினவா. வெள்ளைத் துவாயும் வெள்ளைத் தலையணை உறையும் பாவிச்சா சரி. எங்கட வெக்கைக்கு ரியூப்பை யன்னலடியில வைக்காமல் குளிர்ச்சியான இடத்தில வையுங்கோ, சூட்டில அது உடைஞ்சு பென்சீன் எண்ட புற்றுநோய்ச் சாமான் உண்டாகும்.

அடபலீன் வேற சாதி. அது விற்றமின் ஏ குடும்பம், பரு வந்தாப் பிறகு பூசுற சாமான் இல்லை, வராமல் பண்ணுற சாமான். துவாரம் அடைபடுறதைத் தடுக்கும். அதால பருவில மட்டும் பொட்டு வைச்ச மாதிரிப் பூசிப் பிரயோசனம் இல்லை, இரவில முகம் முழுக்க, ஆனா பட்டாணிக் கடலை ஒண்டின்ர அளவு காணும். 0.1 வீத ஜெல்லை அமெரிக்காவில 2016ல இருந்து டொக்டரின்ர துண்டில்லாமலே வாங்கலாம், அவ்வளவுக்குப் பழகின மருந்து. பிரச்சினை என்னெண்டால் முதல் மூண்டு நாலு கிழமை முகம் உரியும், எரியும், சிலருக்குப் பரு கூடவும் செய்யும், பலன் தெரிய 8 தொடக்கம் 12 கிழமை எடுக்கும். நான் முதல் முறை வாங்கினது மூண்டாம் கிழமையில குப்பைக்குப் போனது, ரெண்டாம் முறையும் அப்பிடியே, மூண்டாம் முறைதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடியில மொயிஸ்சரைசர் போட்டுப் பூசிப் பழகினனான். பிள்ளைத்தாச்சி ஆக்களும் பிள்ளைக்கு யோசிக்கிற ஆக்களும் இதைத் தொடக்கூடாது.

ரெண்டில ஒண்டுதான் எண்டால் எதை எடுக்கிறது எண்டு கேட்டால், சிவந்து சீழ் வைக்கிற பரு நாலு அஞ்சு எண்டால் பென்சோயில் பெரொக்சைட், தோலுக்கடியில குருணி குருணியா வெள்ளையும் கறுப்பும் எண்டால் அடபலீன். ஆனா ரெண்டையும் சேர்க்கிறதுதான் நல்லது, விடிய ஒண்டு இரவு ஒண்டு. அடபலீன் மற்றதோட சேர்ந்து பழுதாகாது, ரெண்டும் ஒரே ரியூப்பில கலந்தும் வருது. அமெரிக்கத் தோல் மருத்துவ அக்கடமி 2024ல போட்ட வழிகாட்டியிலயும் இந்த ரெண்டு சாதியும்தான் முன்னுக்கு நிக்குது. கடிக்கிற, எல்லாம் ஒரே அளவான குட்டிப் பரு நெத்தியில நிரம்பி வந்தால் அது பரு இல்லாமல் பூஞ்சணமாவும் இருக்கலாம், வேர்வைக் காலத்தில எங்கட ஊரில அது கனக்க, அதுக்கு இந்த ஜெல் ரெண்டும் சரிவராது, வேற மருந்து, டொக்டர் பாத்துச் சொல்ல வேணும்.

டொக்டரிட்டைப் போறதெண்டால் ரெண்டு வழி. போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக், இல்லாட்டி தனியாரில காசு கட்டிப் பதிஞ்சு பாக்கிற சானல். பெரியாஸ்பத்திரியில காசு இல்லை, ஓபிடியில காட்டித் துண்டு எடுத்து, கிளினிக் கொப்பி போட்டு, விடிய வெள்ளன போய் வாங்கில இருக்க வேணும், பள்ளிக்கூடமோ வேலையோ ஒரு நாள் போயிடும், சில மருந்து வெளியில வாங்கச் சொல்லி எழுதுவினம். சானலில காசு போகும், பின்னேரம் போகலாம், ஆனா பத்து நிமிசத்துக்கு மேல கதைக்கக் கிடைக்காது. சனம் நினைக்கிறது காசு குடுத்தால் வேற மருந்து தருவினம் எண்டு. அப்பிடி இல்லை, கனநேரம் ஒரே டொக்டர்தான் விடிய அங்கயும் பின்னேரம் இஞ்சயும். பருவுக்குத் திரும்பத் திரும்பப் போக வேணும், மாசத்துக்கு ஒருக்கா ஆறு மாசம் எண்டு வைச்சால், கிளினிக்கில தொடர்ந்து போற ஆள்தான் வெல்லும். நான் எண்டால் முதல் தடவை சானலில காட்டிப்போட்டு கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குவன்.

அங்க தாற குளிசையில முக்கியமானது ரெண்டு சாதி. டொக்சிசைக்கிளின் எண்ட அன்ரிபயோடிக், பொதுவா மூண்டு மாசத்துக்கு மேல நீட்ட மாட்டினம், தனியாவும் குடுக்கக்கூடாது, ஜெல்லோட சேர்த்துத்தான், இல்லாட்டி பக்டீரியா மருந்துக்குப் பழகிப்போடும். கிளின்டமைசின் பூசுற ஜெல்லுக்கும் அதே கதைதான். டொக்சி போட்டால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணி குடிக்க வேணும், போட்ட உடன படுக்கக்கூடாது. நான் இரவு பத்து மணிக்கு ஒரு மிடறு தண்ணியோட விழுங்கிப்போட்டு படுத்தனான், அடுத்த ரெண்டு நாளும் நெஞ்சுக்க கொள்ளி வைச்ச மாதிரி, எச்சில் விழுங்க ஏலேல்ல. அதோட இதைப் போடேக்க வெயில் கெதியாச் சுடும், கடற்கரைக்குப் போறாக்கள் கவனம்.

மற்றது ஐசோட்ரெட்டினொயின். இருக்கிறதுக்குள்ள பலமான மருந்து இதுதான், 1982ல அமெரிக்காவில வந்தது, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிப்போடும், கனபேருக்கு ஒரு கோர்சோட பரு திரும்ப வாறேல்ல. கட்டி கட்டியா வந்து பள்ளம் போடுற பருவெண்டால் இதுக்கு மேல மினக்கெட ஒண்டும் இல்லை, கெதியாத் துவங்கினால் அவ்வளவுக்குப் பள்ளம் மிச்சம். உடம்பின்ர பாரத்துக்குக் கணக்குப் பாத்து, ஆறு மாசம் மட்டில குடுப்பினம், கொழுப்புள்ள சாப்பாட்டோட போட்டால்தான் நல்லா உறிஞ்சும். உதடு காஞ்சு வெடிக்கும், ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தம் சோதிப்பினம், மனம் சரியில்லாமல் இருந்தால் டொக்டரிட்டை மறைக்காமல் சொல்ல வேணும். ஆனா பெரிய விசயம் வேற. இதைக் குடிக்கேக்க பிள்ளை தங்கினால் பிள்ளைக்கு மோசமான ஊனம் வரும், குடிக்கிற காலம் முழுக்கவும் நிப்பாட்டி ஒரு மாசம் மட்டும் தங்கவே கூடாது. எட்டு மாசத்தில கலியாணம் எண்டுற பிள்ளைக்கு இதைக் கணக்குப் பாருங்கோ, இண்டைக்குத் துவங்கினால் ஆறும் ஒண்டும் ஏழு, நூலில தொங்குற மாதிரித்தான். பாமசியில ஆரும் தெரிஞ்ச ஆளிட்டைச் சொல்லி வாங்கிற சாமான் இது இல்லவே இல்லை.

அம்மம்மாவின்ர கிண்ணத்துக்கு வருவம். மஞ்சளில பெரிய கெடுதல் இல்லை. தேசிக்காய்தான் பிரச்சினை, தேசிக்காய்ப் புளி பட்ட தோலில வெயில் பட்டால் கறுத்து, சிலநேரம் கொப்புளமே வரும், மறைக்கப் போன கறுப்புக்கு மேல இன்னொரு கறுப்பு. மச்சாளின்ர வெள்ளைக் கிறீம் அதைவிட மோசம். நானும் 19 வயசில ஒரு பாலரில குடுத்த, பேர் ஒட்டாத டப்பா ஒண்டு பூசினனான், ஒரு கிழமையில முகம் பளிங்கு மாதிரி, அயலட்டையெல்லாம் என்ன பூசுறாய் எண்டு கேட்டது, நிப்பாட்டின நாலாம் நாள் முகம் முழுக்கச் சிவந்து பரு வெடிச்சுது. உதுக்குள்ள ஸ்டீரொயிட் இருந்திருக்கு. சிலதுக்குள்ள பாதரசமும் இருக்கும், பாதரசத்தைக் கட்டுப்படுத்திற மினமாட்டா எண்ட உலக உடன்படிக்கையில முதல் வைச்ச எல்லை 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில ஒரு பங்கு, 2025 ஓட அந்த எல்லையையும் எடுத்துப்போட்டு பாதரசம் சேர்த்த கிறீமே கூடாது எண்டாச்சு, சந்தையில பிடிபடுறது அந்த 1 பிபிஎம்மை விட ஆயிரக்கணக்கான மடங்கும் இருந்திருக்கு. பெட்டியில என்ன கிடக்கெண்டு எழுதாத சாமானை முகத்தில பூசாதேங்கோ, அவ்வளவுதான்.

இடையில ஒரு சின்னக் கதை. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைச்சு முழுகுறதை விடச் சொல்லி நான் சொல்ல மாட்டன், சொன்னாலும் ஆரும் கேளாயினம். ஆனா தலையில தினமும் எண்ணெய் வழிய வைச்சு அதோட படுத்தால் நெத்திப் பரு போகாது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, சவர்க்காரம் நுரைக்காமல் தோலில படலம் மாதிரி ஒட்டும், முகத்துக்குச் சவர்க்காரத்தை விட மெதுவான பேஸ்வோஷ் நல்லம், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் காணும். ஆறு தரம் கழுவினால் பரு கழுவுப்படாது.

இனிக் கறுப்பு அடையாளம். இதுக்கு சண்ஸ்கிறீன்தான் மருந்து, மிச்சம் எல்லாம் துணைக்கு. எங்கட நிறத்துத் தோல் எரிவுக்குக் கறுப்பாத்தான் பதில் சொல்லும், வெயில் பட்டால் அந்தக் கறுப்பு ஒரு வருசத்துக்கும் போகாது. எஸ்பிஎஃப் 30க்கு மேல, முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு. நிறம் கலந்த சண்ஸ்கிறீன் கிடைச்சால் அதுதான் இன்னும் நல்லது, அதில இருக்கிற இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் மறைக்கும், அந்த வெளிச்சமும் எங்கட தோலைக் கறுக்கப் பண்ணும், முகம் சாம்பல் பூசின மாதிரியும் தெரியாது. கூடச் சேர்க்கிறதெண்டால் அசெலாயிக் அசிட், பருவுக்கும் கறுப்புக்கும் ரெண்டுக்கும் கேக்கும், பிள்ளைத்தாச்சியும் பூசலாம், மெதுவாத்தான் வேலை செய்யும். நியாசினமைட் பறவாயில்லை, பெரிசா எதிர்பார்க்காதேங்கோ.

கடைசியா பள்ளம், சித்தியின்ர லேசர். பள்ளம் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வைத்தியம், அதுதான் ஆக்களுக்கு விளங்கிறேல்ல. ஊசி குத்தின மாதிரி ஆழமானதுக்கு லேசர் அவ்வளவு எட்டாது, அதுக்குள்ள கடுமையான அசிட் ஒரு சொட்டு வைக்கிற முறை இருக்கு, குரொஸ் எண்டுவினம், டொக்டர் மட்டும் செய்யிறது, ஓன்லைனில அந்த அசிட்டை வாங்கி வீட்டில வைச்சு முகத்தை ஓட்டையாக்கின ஆக்களும் இருக்கினம். இழுத்தால் காணாமல் போற பள்ளத்துக்கு அடியில நார் பிடிச்சு இழுத்துக்கொண்டு இருக்கு, ஊசியை உள்ள விட்டு அந்த நாரை வெட்ட வேணும், சப்சிசன் எண்டுவினம், ஒண்டு ரெண்டு கிழமை கண்டல் நீலமா இருக்கும். பெட்டி மாதிரி ஆழம் குறைஞ்சதுக்கு, சின்னச் சின்ன ஊசியால தோலைக் குத்துற மைக்ரோ நீடிலிங்கோ லேசரோ.

அந்த ரெண்டில நான் கண்ணை மூடிக்கொண்டு நீடிலிங்கைத்தான் சொல்லுவன். கார்பன்டையொக்சைட் லேசர் ஒரு தடவையில கூடப் பலன் தரும் எண்டது உண்மை, ஆனா தோலைச் சுட்டுத்தான் வேலை செய்யிறது, எங்கட நிறத்துக்கு அந்தச் சூடே புதுக் கறுப்பைக் கொண்டுவரும், மாசக்கணக்கில நிக்கும். நீடிலிங்கில சூடு இல்லை, அந்தப் பயம் கனக்கக் குறைவு, நாலு ஆறு கிழமைக்கு ஒருக்கா எண்டு மூண்டு நாலு தரமாவது செய்ய வேணும், பலன் செய்து முடிஞ்சு மூண்டு ஆறு மாசத்திலதான் வடிவாத் தெரியும். வீட்டுக்கு விக்கிற சின்ன ரோலரின்ர ஊசி அந்த ஆழத்துக்குப் போகாது, பருவுக்கு மேல உருட்டினால் கிருமியைத்தான் பரப்பும். எது செய்தாலும் பள்ளம் பாதி குறைஞ்சால் பெரிய வெற்றி, "முழுக்கப் போகும்" எண்டு சொல்லுற இடத்தில இருந்து எழும்பி வாங்கோ. தாடையிலயும் நெஞ்சிலயும் தடிச்சு மேல எழும்புற தழும்பு வாற ஆக்கள் இது ஒண்டும் செய்யாமல் முதல் டொக்டரிட்டைச் சொல்ல வேணும், அதுக்கு ட்ரையம்சினலோன் எண்ட ஸ்டீரொயிட் ஊசி வேற.

பிள்ளைக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு இதுதான். முதல் மூண்டு மாசம் ஜெல் ரெண்டும் சண்ஸ்கிறீனும், இடையில கிளினிக்கில ஒருக்கா காட்டுறது. நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் வெயிலுக்க நிக்கிற பிள்ளை அவள், அந்தக் காலத்தில முகத்தில ஊசி, லேசர் ஒண்டும் வேண்டாம். திருவிழா முடிய, புதுப் பரு நிண்டிருந்தால், மூண்டு பள்ளத்துக்கு சப்சிசன், பெட்டிப் பள்ளத்துக்கு நீடிலிங் ரெண்டு தரம், கார்த்திகைக்குப் பிறகு முகத்தில ஆரும் கை வைக்கக்கூடாது. கலியாணத்துக்குப் பள்ளம் முழுக்கப் போகாது, ஆனா கறுப்பு முக்கால்வாசி போயிருக்கும், பொம்பிளை அலங்கரிக்கிற அக்கா மட்டமான தோலில வேலை செய்வா. மிச்சத்தைக் கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாப் பாக்கலாம். கலியாணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் புதுசா பேசியலோ கிறீமோ ஒண்டும் பழகிப் பாக்கிறேல்ல எண்டு மச்சாளிட்டைச் சத்தியம் வாங்கியிருக்கிறன்.

சித்தி காசை அனுப்பிப்போட்டா, அது பாங்கில கிடக்கு. அம்மம்மாவின்ர மிச்சத் தேசிக்காயை அண்டைக்கே கரைச்சுக் குடிச்சம். நேற்று இரவு பிள்ளை ரோச் அடிச்சு எடுத்த படம் ஒண்டு அனுப்பியிருந்தாள், நாடி உரிஞ்சு போய் இருக்கு, புதுசா ரெண்டு வந்திருக்கு, "மாமி, விடட்டோ?" எண்டு கேட்டிருக்கிறாள். ஐஞ்சாம் கிழமைதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசு, படத்தை அழிக்காமல் வை எண்டு பதில் போட்டனான்.